வெற்றுக் கணினியில் மீட்டுப் பாருங்கள்: திறந்த மூல வழங்கிகளைப் பராமரிக்கும் முறை

லினக்ஸ் வழங்கி (server) ஒன்றில் போஸ்ட்கிரெஸ் அல்லது மரியாடிபி தரவுத்தளம், அதன் முன்னே ஒரு வலைச் செயலி, அதற்கும் முன்னே இணையக் கோரிக்கைகளை வாங்கிச் செயலிக்கு அனுப்பும் என்ஜின்எக்ஸ் என்று ஓர் அமைப்பை நிறுவுவது இன்று ஒரு பிற்பகல் வேலை. அதைப் பல ஆண்டுகள் இழப்பின்றி நடத்துவதுதான் கடினம். ஒரு வழங்கியின் பொறுப்பை ஏற்கும்போது நான் முதலில் செய்வது ஓர் ஒத்திகை: புதிதாக ஒரு வெற்றுக் கணினியை எடுத்துக்கொண்டு, ஓடிக்கொண்டிருக்கும் வழங்கியை ஒருமுறைகூட எட்டிப் பாராமல், காப்புநகல்களை மட்டும் கொண்டு முழு அமைப்பையும் அதில் எழுப்ப முயல்கிறேன். அம்முயற்சி எங்கெல்லாம் தடைப்பட்டு நிற்கிறதோ, அங்கெல்லாம் பராமரிப்பில் குறை இருக்கிறது.

இது மிகையான எச்சரிக்கை என்று தோன்றினால், 2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்லேப் தளத்தில் நடந்ததை நினைவுகூரலாம். அதை அந்நிறுவனமே விரிவாக எழுதி வெளியிட்டது. முதன்மைத் தரவுத்தளத்தின் மாற்றங்களை உடனுக்குடன் பின்பற்றும் பிரதித் தரவுத்தளத்தைச் சரிசெய்ய முயன்ற பொறியாளர் ஒருவர், தவறுதலாக முதன்மைத் தரவுத்தளத்தின் கோப்புறையை அழித்துவிட்டார். காப்புநகல்களைத் தேடியபோது அவை இருக்க வேண்டிய சேமிப்பிடம் காலியாக இருந்தது. வழங்கியில் ஓடியது போஸ்ட்கிரெஸ் 9.6, காப்புநகல் எடுத்த பிஜி_டம்ப் கருவியோ 9.2. தன்னைவிடப் புதிய பதிப்பிலிருந்து நகலெடுக்க அக்கருவி மறுத்துவிடும் என்பதால் ஒவ்வொரு முறையும் அது பிழையோடு நின்றிருக்கிறது. அப்பிழையை அறிவித்த மின்னஞ்சல்களும் உரியவர்களைச் சென்று சேரவில்லை. ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு முன்பு வேறொரு தேவைக்காகக் கையால் எடுக்கப்பட்ட வட்டுநகல் ஒன்றுதான் இறுதியில் கைகொடுத்தது.

ஒத்திகையில் பெரும்பகுதி நேரத்தைத் தரவுத்தளத்துக்கே ஒதுக்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் தரவுக் கோப்புறையை ஆர்சிங்க் என்னும் கோப்பு நகலெடுப்புக் கருவி கொண்டு நகலெடுத்து வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நகலெடுக்கும் நேரத்தில் கோப்புகள் மாறிக்கொண்டே இருப்பதால் அது நம்பத்தக்க காப்புநகல் ஆகாது. பிஜி_டம்ப் அவ்வாறன்று. அது தொடங்கிய கணத்தில் தரவு எந்த நிலையில் இருந்ததோ அந்த நிலையை முரணின்றி எழுதித் தருகிறது. அதுவரை மற்றவர்கள் படிப்பதையோ எழுதுவதையோ தடுப்பதும் இல்லை. கஸ்டம் வடிவில் எடுத்தால் கோப்பு சுருக்கப்பட்டிருக்கும், பிஜி_ரெஸ்டோர் கருவியால் பல இழைகளில் விரைவாக மீட்கவும் முடியும். ஆனால் அது ஒரு தரவுத்தளத்தை மட்டுமே எடுக்கிறது. பயனர் கணக்குகளும் அவற்றின் கடவுச்சொற்களும் அதில் இருப்பதில்லை. அவற்றைப் பிஜி_டம்ப்ஆல் கட்டளையின் குளோபல்ஸ்-ஒன்லி விருப்பத்தால் தனியே எடுத்து வைக்க வேண்டும். முதல் ஒத்திகையில் பெரும்பாலோர் தடுமாறும் இடம் இதுதான். மரியாடிபி, மைஎஸ்கியூஎல் பயன்படுத்துவோர் இதேபோல் முரணற்ற நகலைப் பெற டம்ப் கட்டளையோடு சிங்கிள்-டிரான்சாக்‌ஷன் விருப்பத்தைச் சேர்க்க வேண்டும். அதன் பாதுகாப்பு இன்னோடிபி என்னும் சேமிப்பு வகையில் உள்ள அட்டவணைகளுக்கு மட்டுமே உண்டு, பழைய மைஐசாம் அட்டவணைகளுக்கு இல்லை.

மீட்கும்போது இன்னொரு பொறி இருக்கிறது. பிஜி_ரெஸ்டோர் பிழை நேர்ந்தாலும் நிற்காமல் மேலே சென்று, எத்தனை பிழைகள் என்பதை இறுதியில் மட்டும் சொல்லும். ஆகவே எக்ஸிட்-ஆன்-எரர் விருப்பத்தோடு இயக்குவது நல்லது. மீட்பு முடிந்ததும் அனலைஸ் கட்டளையை ஒருமுறை இயக்குங்கள். அட்டவணைகளின் புள்ளிவிவரம் இல்லாமல் தரவுத்தளம் தவறான வழியில் தேடி, எல்லாம் மந்தமாகத் தோன்றலாம். பிறகு முக்கிய அட்டவணைகளில் எத்தனை வரிசைகள் உள்ளன, கடைசிப் பதிவின் நேரம் என்ன என்று பாருங்கள். கோப்பின் பெயரில் நேற்றைய தேதி இருக்க, உள்ளே மூன்று மாதத்துக்கு முந்தைய தரவு இருப்பது நடக்காத ஒன்றல்ல.

நாளுக்கு ஒரு நகல் என்றால், மோசமான தருணத்தில் ஏறக்குறைய 24 மணி நேரத் தரவை இழக்க ஒப்புக்கொள்கிறீர்கள் என்று பொருள். அதை ஏற்க முடியாத அமைப்புகளுக்குப் பிஜி_பேஸ்பேக்கப் எடுக்கும் அடிப்படை நகலும், அதன்பின் எழுதப்படும் வால் (WAL) கோப்புகளை, அதாவது ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசையாகப் பதியும் கோப்புகளை, தொடர்ந்து வேறிடத்துக்கு அனுப்பும் ஏற்பாடும் வேண்டும். இவை இரண்டும் இருந்தால் விரும்பிய நிமிடத்துக்குத் திரும்பலாம். அனுப்புதல் தோல்வியுற்றால் வால் கோப்புகள் வழங்கியிலேயே குவிந்து வட்டை நிரப்பும். அப்போது பதற்றத்தில் பிஜி_வால் கோப்புறையிலிருந்து எதையும் கையால் அழிக்கக் கூடாது. தரவுத்தளமே எழாமல் போகலாம். அனுப்புதலைச் சரிசெய்தால், தேவையற்ற கோப்புகளைப் போஸ்ட்கிரெஸ் தானே அகற்றிக்கொள்ளும். பிரதி வழங்கி இருக்கிறதே, காப்புநகல் எதற்கு என்று கேட்போரும் உண்டு. தவறாக அழிக்கப்பட்ட அட்டவணை சில நொடிகளில் பிரதியிலும் அழிந்துவிடும் என்பதே அதற்கு விடை.

அடுத்து, பயனர்கள் பதிவேற்றிய கோப்புகள். என் தொடக்க கால ஒத்திகை ஒன்றில் தரவுத்தளம் குறையின்றி எழுந்தது. செயலியைத் திறந்தபோது ஒரு படம்கூட இல்லை, ஏனெனில் அந்தக் கோப்புறையை யாருமே காப்புப் பட்டியலில் சேர்த்திருக்கவில்லை. நகலெடுக்கும் வரிசையிலும் கவனம் தேவை. தரவுத்தளத்தை முதலிலும் கோப்புகளை அதன் பின்னும் எடுத்தால், இடையில் வந்த சில கோப்புகள் கூடுதலாக இருக்குமே தவிர, தரவுத்தளம் சுட்டும் புதிய கோப்பு எதுவும் விடுபடாது. செயலியின் மூலநிரல் கிட் களஞ்சியத்தில் இருக்கும். அமைவுக் கோப்புகளும் இரகசியத் திறவுகோல்களும் பெரும்பாலும் அங்கே இரா, இருக்கவும் கூடாது. மறைகுறியாக்கத் திறவுகோல் தொலைந்தால், அதனால் பூட்டப்பட்ட தரவு கையில் இருந்தும் பயனில்லை. அவற்றைக் கடவுச்சொல் பெட்டகம் ஒன்றில் தனியே காத்து வையுங்கள்.

நகல்கள் அதே வட்டில் கிடந்தால் வட்டோடு சேர்ந்து போகும். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறிடத்தில் என்ற பழைய விதி இன்றும் பொருந்துகிறது. அதனினும் முக்கியமாக நான் கருதுவது, வழங்கியில் உள்ள எந்த நுழைவுச் சான்றைக் (கடவுச்சொல், திறவுகோல்) கொண்டும் பழைய நகல்களை அழிக்க முடியாதபடி அமைப்பதாகும். வழங்கிக்குள் புகுந்தவர் முதலில் தேடுவது அவற்றைத்தான். ரெஸ்டிக், போர்க் ஆகிய கருவிகள் நகல்களை மறைகுறியாக்கி வைக்கின்றன. அவற்றின் கடவுச்சொல்லும் அந்த வழங்கியில் மட்டும் இருக்கக் கூடாது.

புதிய கணினியின் கதவுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தொலைவிலிருந்து வழங்கிக்குள் செல்லும் எஸ்எஸ்எச் நுழைவைத் திறவுகோலுக்கு மட்டும் அனுமதியுங்கள். அமைவை மாற்றும்போது, புதிய இணைப்பு வேலை செய்வதை உறுதிசெய்யும்வரை பழைய இணைப்பை மூடாதீர்கள். தரவுத்தளத்தின் 5432 அல்லது 3306 துறை (port, இணைப்புகள் வந்து சேரும் எண்) வெளியுலகுக்குத் தெரியக் கூடாது. செயலிகளைத் தனித்தனிக் கொள்கலன்களில் இயக்கும் டாக்கர் வெளிப்படுத்தும் துறைகள், லினக்ஸின் யூஎஃப்டபிள்யூ தீச்சுவரைத் தாண்டிச் செல்லும் என்பதால், எந்தத் துறைகள் திறந்துள்ளன என்று வெளியிலிருந்து ஒருமுறை வருடிப் (scan) பார்ப்பதே உறுதியான சோதனை. தளத்தின் பாதுகாப்பான இணைப்புக்கான லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழைப் புதிதாகப் பெற்றுக்கொள்ளலாம். எச்டிடிபி வழிச் சரிபார்ப்புக்கு 80 ஆம் துறை திறந்திருக்க வேண்டும்.

செயலியை இயக்குவதற்கு முன் ஒன்றைத் தவறாமல் செய்யுங்கள்: வெளிச்செல்லும் மின்னஞ்சலையும் குறித்த நேரத்தில் தானே ஓடும் கிரான் பணிகளையும் கட்டண இணைப்புகளையும் முடக்குங்கள். ஒத்திகை வழங்கியில் இருப்பது உண்மையான மனிதர்களின் தரவு. முடக்காவிட்டால் அது அவர்களுக்கே நினைவூட்டல் கடிதங்களை இரண்டாம் முறை அனுப்பத் தொடங்கும். பிறகு உள்நுழைந்து, ஒரு பதிவை எழுதி, ஒரு கோப்பைத் திறந்து பாருங்கள். தொடக்கம் முதல் இதுவரை எத்தனை மணி நேரம் ஆனது, எந்தெந்தப் படியை நினைவிலிருந்து செய்ய நேர்ந்தது என்று எழுதிவைத்து, அந்தப் படிகளை மீட்பு ஆவணத்தில் சேருங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், தரவுத்தளப் பதிப்பை உயர்த்தும் ஒவ்வொரு முறையும் இதை மீண்டும் நடத்துங்கள். அடுத்த முறை அமைப்பை நிறுவாத வேறொருவர் கையில் அந்த ஆவணத்தைக் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். முடிந்ததும் ஒத்திகைக் கணினியை வட்டோடு அழித்துவிடுங்கள்.