ஃப்ரீ சிப்ஸிலிருந்து நிஜக் காசுக்கு: போக்கர்

சேலம் ஐந்து ரோடு டீக்கடையில் ஃபோனில் போக்கர் ஆடி, ஃப்ரீ சிப்ஸ் (இலவச விளையாட்டுக் காசு) வைத்து ஜெயிக்கிறவர்களே, அங்கே தோற்றாலும் நஷ்டமில்லை என்பதால் எல்லோரும் கால் செய்வார்கள் (எதிராளி போட்டதற்குச் சமமாகப் போடுவார்கள்), ப்ளஃப் (நல்ல கார்டு இருப்பதுபோல் காட்டி மிரட்டுவது) எடுபடாது, நல்ல கார்டு வரும்வரை ஃபோல்டு செய்து (அந்த ஆட்டத்தை விட்டுவிட்டு) பழகுங்கள். அப்புறம் கணக்கு. நடுவில் 100 ரூபாய் இருக்க, எதிராளி 50 போட்டால், நீங்களும் 50 போட்டு 200-க்கு ஆடுகிறீர்கள். 25 சதவீத வாய்ப்பாவது வேண்டும். டர்னில் (நான்காவது பொதுக் கார்டு விழுந்தபின்) ஃப்ளஷுக்கு (ஒரே சின்னத்தில் ஐந்து கார்டு) இன்னும் ஒரு கார்டுக்குக் காத்திருந்தால் இருப்பதோ ஏறக்குறைய 20 தான், பெரும்பாலும் விட்டுவிடலாம்.

நிஜக் காசா? ஆன்லைனில் பணம் வைத்து ஆடுவதை 2025 சட்டம் நாடு முழுக்கத் தடை செய்துவிட்டது, விபிஎன் (இருக்கும் இடத்தை மறைக்கும் ஆப்) போட்டு ஆடலாம் என்று யோசனை சொல்லும் நண்பரை நம்பாதீர்கள். சேலத்துக்காரர் கோவா கேசினோ பக்கம் போவதென்றால், ஒரு மேசைக்கு வாங்கும் சிப்ஸைப்போல 20 மடங்கையாவது, வட்டிக்கு வாங்காமல், தனியே எடுத்துவைத்துவிட்டு இருப்பதிலேயே சின்ன மேசையில் உட்காருங்கள்.