ஆண்குறியின் அளவையும் பாலின்பத்தையும் முடிச்சுப் போடும்போது நேரும் தவறுகள்

அளவைப் பற்றிய கவலை பல ஆண்களுக்குத் தவறான அளவீட்டிலிருந்தே தொடங்குகிறது. தளர்ந்த நிலையில் இருக்கும் ஆண்குறி குளிராலும் பதற்றத்தாலும் களைப்பாலும் ஒரே நாளில் பலமுறை சுருங்கி விரியக்கூடியது. அந்த நிலையில் சிறிதாகத் தெரிவது விறைக்கும்போது கூடுதல் விகிதத்தில் நீள்வதும் உண்டு. ஆகவே உடை மாற்றும் இடத்தில் அடுத்தவரைப் பார்த்து ஒப்பிடுவது எதையும் தெரிவிக்காது. போதாக்குறைக்கு, ஒருவர் தம்முடையதை எப்போதும் மேலிருந்து குனிந்து பார்க்கிறார். மற்றவருடையதை எதிரிலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ பார்க்கிறார். மேலிருந்து பார்க்கும்போது எந்த நீளமும் குறைவாகவே தோன்றும்.

முறையாக அளக்க வேண்டுமானால், முழுமையாக விறைத்த நிலையில், ஆண்குறியின் மேற்புறம் உடலோடு சேரும் இடத்தில் அளவுகோலை வைத்து, உள்ளே எலும்பு தட்டுப்படும் வரை அழுத்தி, அங்கிருந்து நுனி வரை அளக்க வேண்டும். அடிவயிற்றுக் கொழுப்பு மூடியிருக்கும் பகுதியும் இப்படி அளக்கும்போது கணக்கில் வந்துவிடுகிறது. பக்கவாட்டிலோ அடிப்புறத்திலோ அளந்த எண்ணை ஆய்வுகளின் சராசரியோடு ஒப்பிடுவது பொருந்தாது.

அந்தச் சராசரியைப் பற்றியும் பலரிடம் பிழையான எண்ணம் இருக்கிறது. ஆண்கள் தாங்களே அளந்து சொல்லும் எண்கள் உண்மையைவிடக் கூடுதலாகவே அமைகின்றன. ஆபாசப் படங்களில் நடிப்பவர்களோ அளவுக்காகவே தேர்ந்தெடுக்கப்படுகிறவர்கள். 2015-இல் வெளிவந்த தொகுப்பாய்வு ஒன்று, மருத்துவத் துறையினரே அளந்த 15,521 ஆண்களின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தது. விறைத்த நிலையின் அளவு அவர்களில் ஒரு பகுதியினரிடம் மட்டுமே எடுக்கப்பட்டிருந்தது. அதன் சராசரி நீளம் 13.12 செ.மீ., சுற்றளவு 11.66 செ.மீ. பதினாறு, பதினெட்டு செ.மீ.தான் இயல்பு என்று நம்பிக் கலங்கும் பலர், உண்மையில் இந்தச் சராசரியை ஒட்டியே இருப்பார்கள்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய தவறு, நீளத்தை இன்பத்தின் அளவாக எடுத்துக்கொள்வது. பெண்ணின் இன்ப உணர்வுக்கு முதன்மையான உறுப்பு கிளிட்டோரிஸ். வெளியே தெரியும் சிறு மொட்டு அதன் நுனி மட்டுமே. அதன் உடலும் கிளைகளும் உள்ளே யோனியின் இருபுறமும் பரவியிருக்கின்றன என்பதையும், பாடநூல்கள் காட்டியதைவிட அது மிகப் பெரியது என்பதையும் ஆஸ்திரேலியச் சிறுநீரகவியல் மருத்துவர் ஹெலன் ஓ’கானல் 1998-இல் வெளியிட்ட உடற்கூற்றாய்வு எடுத்துக்காட்டியது. உள்நுழைவு மட்டும் இந்த உறுப்பைப் போதிய அளவு தூண்டும் என்பதற்கு உறுதியில்லை. நீளம் கூடுவதால் அது மாறிவிடுவதுமில்லை. 2018-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் ஆயிரத்துக்கும் சற்று அதிகமான பெண்களிடம் கேட்டபோது, உள்நுழைவு மட்டுமே உச்சம் அடையப் போதும் என்றவர்கள் சுமார் 18 சதவீதத்தினர். கிளிட்டோரிஸ் தூண்டல் கட்டாயம் தேவை என்றவர்கள் ஏறத்தாழ 37 சதவீதத்தினர். அதே ஆண்டு வெளியான, ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்களைக் கொண்ட மற்றோர் ஆய்வில், பெரும்பாலும் உச்சம் அடைவதாகச் சொன்னவர்கள் ஆண்களோடு உறவுகொள்ளும் பெண்களில் 65 சதவீதம், பெண்களோடு மட்டும் உறவுகொள்ளும் பெண்களில் 86 சதவீதம். ஆண்குறியே இல்லாத உறவுகளில் இந்த எண் உயர்ந்திருப்பதை, அளவுகோலோடு அமர்ந்திருக்கும் ஒவ்வொருவரும் ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: ஆறுதல் சொல்வதற்காக, அளவு எவருக்கும் ஒரு பொருட்டே அல்ல என்று அடித்துச் சொல்வது. சில பெண்களுக்கு ஆழமும் தடிமனும் பிடித்தமானவைதாம். முப்பரிமாண மாதிரிகளைக் கொடுத்து 75 பெண்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்ன 2015 ஆய்வில், நீண்டகாலத் துணைக்கென அவர்கள் தேர்ந்தவற்றின் சராசரி நீளம் 16 செ.மீ. அளவில் இருந்தது. 2021-இல் 29 இணையர்களிடம் ஆண்குறியின் அடிப்பகுதியில் மாட்டிய வளையங்களைக் கொண்டு உள்நுழைவின் ஆழத்தைக் குறைத்துப் பார்த்தபோது, பெண்களின் இன்பம் சராசரியாகக் குறைந்தது. ஆனால் ஆழம் குறைந்தபோதே இன்பம் கூடியதாகச் சிலர் சொன்ன தருணங்களும் இருந்தன. விருப்பம் ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஆகவே அதைத் துணையிடம் கேட்டுத்தான் அறிய முடியும். ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்ற 2006 ஆய்வில் பெண்களில் 85 சதவீதத்தினர் தம் துணைவரின் அளவில் நிறைவு கொண்டிருந்தனர்; தம் அளவில் நிறைவு கொண்ட ஆண்களோ 55 சதவீதத்தினர்தான்.

நீளம் கூடினால் இன்பமும் கூடும் என்று நம்பி அவசரப்படுவது வலியில் முடியலாம். கிளர்ச்சி அடையாத யோனியின் நீளம் 7 முதல் 8 செ.மீ. எனவும், கிளர்ச்சியின்போது அது 9.5 முதல் 10.5 செ.மீ. வரை நீள்வதாகவும் அமெரிக்கப் பாலியல் ஆய்வாளர்களான மாஸ்டர்ஸ், ஜான்சன் இருவரும் 1966-இல் பதிவுசெய்தார்கள். போதிய முன்விளையாட்டு இல்லாமல் உள்நுழைந்தால் யோனி விரிந்தும் ஈரமாகியும் இருப்பதில்லை. கருப்பை வாயில் மோதும்போது வலிக்கவும் கூடும். சராசரியைவிட நீளமானவர்கள் ஆழத்தைத் துணையின் கட்டுப்பாட்டில் விடுவது நல்லது.

கவலை தன்னளவிலேயே தீங்கு செய்கிறது என்பதையும் பலர் கவனிப்பதில்லை. உறவின்போது துணையின் மூச்சையும் அசைவையும் கவனிக்க வேண்டிய மனம், தன் உறுப்பையே கண்காணித்துக்கொண்டிருந்தால் விறைப்பு தளர்கிறது. தளர்ந்ததைக் கண்டு கவலை மேலும் பெருகுகிறது. இந்த நிலையில்தான் மாத்திரை, எண்ணெய், களிம்பு விற்பவர்களிடம் பலர் சிக்குகிறார்கள். வளர்ந்த ஆணின் உறுப்பை நிரந்தரமாக நீளமாக்கும் மாத்திரை எதுவும் கிடையாது. ஆண்குறியை இடுப்பெலும்போடு பிணைக்கும் தாங்குதசைநாரை வெட்டி நீட்டும் அறுவையும், தடிமனுக்காகக் கொழுப்பை ஏற்றும் சிகிச்சையும் பாதுகாப்பானவை என்றோ பலன் தருபவை என்றோ நிறுவப்படவில்லை என்பதே அமெரிக்கச் சிறுநீரகவியல் சங்கத்தின் நிலைப்பாடு. அந்தத் தசைநாரை வெட்டிய பின் விறைத்த உறுப்பு உறுதியாக நிமிர்ந்து நிற்காமல் போகலாம்.

அளவு உண்மையிலேயே பயன்படும் இடம் ஆணுறைத் தேர்வு. பலர் கவனிக்காமல் விடுவதும் அதைத்தான். ஆணுறை இறுக்கமாக இருந்தால் உணர்வு மங்கும், கிழியவும் கூடும். தளர்வாக இருந்தால் நழுவும். இதற்கு வேண்டியது நீளத்தைவிடச் சுற்றளவே. உறையின் மேல் அச்சிட்டிருக்கும் அகலத்தைப் பார்த்து, தம் சுற்றளவுக்கு ஏற்றதை வாங்க வேண்டும்.

மருத்துவரிடம் செல்வதற்கும் அளவு மட்டுமே காரணமாக இருக்க வேண்டும் என்று நினைக்கக் கூடாது. முழுமையாக விறைத்த உறுப்பின் நீளம் 7.5 செ.மீ.க்கும் குறைவாக இருந்தாலோ, புதிதாக வளைவோ வலியோ தோன்றினாலோ, விறைப்பு தொடர்ந்து தவறினாலோ சிறுநீரகவியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். விறைப்புக் குறைபாடு சர்க்கரை நோய்க்கோ இதய நோய்க்கோ முன் அறிகுறியாக இருக்கக்கூடும். அளவைப் பற்றிய வெட்கத்தால் அதைச் சொல்லாமல் மறைப்பது உயிருக்கே ஆபத்தாகலாம்.