வன்னியில் சூறாவளி: காற்று வரும் பக்கமும் குளத்துத் தண்ணீரும்

இலங்கையின் வடக்கே உள்ள வன்னிக்கு சூறாவளியைப் பொறுத்தவரை நவம்பரும் டிசெம்பரும்தான் கவனமான மாதங்கள். வங்காள விரிகுடாவின் மேல்நீர் 26.5 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக இருந்தால், அதிலிருந்து எழும் நீராவி தாழமுக்கத்துக்கு வலுக் கொடுக்கும். எங்கள் அரைக்கோளத்தில் காற்று மையத்தைச் சுற்றி மணிக்கூட்டுக்கு எதிர்த்திசையில் சுழலும். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் மையம் உங்கள் இடப்பக்கம், சற்று முன்னே இருக்கும்.

2020 டிசெம்பர் 2 இரவு புரெவி சூறாவளி திருகோணமலை மாவட்டத்தின் திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையில் கரையேறி, மேற்கே மன்னார்ப் பக்கம் போனது. மையம் அங்கே ஏறும்போது, வடக்கே உள்ள முல்லைத்தீவுக் கரையில் காற்று கடலிலிருந்து தரைக்கு வீசும். கடலும் அந்தப் பக்கத்தில்தான் ஏறும். ஆகவே "திருகோணமலைக்குத்தானாம்" என்ற செய்தியைக் கேட்டு கொக்கிளாய், செம்மலை, அளம்பில் ஆட்கள் கரையோர மீன்பிடி வாடியில் தங்கிவிடக் கூடாது. வள்ளங்களை உயர்ந்த நிலத்துக்கு இழுத்து, இயந்திரத்தைக் கழற்றி, வலையை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

தகரக் கூரையைக் காற்று விளிம்பில் பிடித்து மேலே தூக்கித்தான் பிய்க்கும். அதனால் ஓரத்திலும் முகட்டிலும் ஆணிகளை நெருக்கமாக அடியுங்கள். அது மட்டும் போதாது: தகரம் அடிக்கும் சிலாகையை அதைத் தாங்கும் சாய்வான கைமரத்தோடும், கைமரத்தை வளையோடும் (சுவர்மேல் கிடக்கும் மரம்), வளையைச் சுவரோடும் கட்டுக்கம்பியால் இறுக்க வேண்டும். எந்த இணைப்பு தளர்வோ அந்த இடத்தில் கூரை கழன்று போகும். கூரையில் கல்லை வைக்காதீர்கள், அது பறந்து ஆளைத் தாக்கும். மண் மூட்டையானால் கயிற்றால் கட்டுங்கள். வீட்டருகே தென்னையிலும் பனையிலும் காய்களையும் காவோலையையும் முன்பே இறக்கிவிடுங்கள்.

ஒருவருக்கு நாளுக்கு 4 லீற்றர் கணக்கில் மூன்று நாளுக்குத் தண்ணீர் நிரப்புங்கள். ஐந்து பேருக்கு 60 லீற்றர். அடையாள அட்டை, காணி உறுதி, மருந்து எல்லாம் பொலித்தீன் பையில். கிராம அலுவலரின் இலக்கத்தையும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 ஐயும் தாளில் எழுதி வையுங்கள், போனின் சார்ஜை நம்ப முடியாது.

பலத்த காற்று சட்டென்று நின்றால் வெளியே வராதீர்கள். மையம் தலைக்கு மேல் இருக்கலாம். சிறிது நேரத்தில் எதிர்ப்பக்கத்தால் அடிக்கும். முதல் காற்றில் தளர்ந்த கூரை அப்போதுதான் போகும்.

உண்மையில் வன்னியில் பலர் அகப்படுவது காற்று ஓய்ந்த பிறகு வரும் வெள்ளத்தில். 2018 டிசெம்பர் மழையில் கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தில் மிகை நீரை வெளியேற்றும் வான் கதவுகள் திறக்கப்பட்டு, கீழுள்ள ஊர்களுக்குள் வெள்ளம் புகுந்தது. உங்கள் ஊர் எந்தக் குளத்தின் கீழ், அது எந்த ஆற்றால் வெளியேறும், பாடசாலைக்குப் போகும் பாதை எங்கே மூழ்கும் என்று மழைக்கு முன்பே நடந்து பாருங்கள். குளம் வான் பாயத் தொடங்கினால் இருட்டும்வரை காத்திருக்க வேண்டாம். ஓடும் நீர் முழங்கால் அளவானாலும் ஆளைச் சாய்க்கும், மோட்டார் சைக்கிளோடு இறங்கவே கூடாது.

மாடுகளைக் கட்டையில் கட்டியபடி விடாதீர்கள். 2022 டிசெம்பரில் மண்டோஸ் சூறாவளி இலங்கையில் கரையேறவில்லை. ஆனாலும் அதன் குளிர்காற்றிலும் மழையிலும் வடக்கில் நூற்றுக்கணக்கான கால்நடைகள் செத்தன. பட்டியின் வடக்குப் பக்கத்தை கிடுகாலோ தறப்பாளாலோ மறைத்து, மேட்டில் உலர்ந்த வைக்கோல் போடுங்கள். கன்றுகளை முதலில் உள்ளே எடுங்கள்.

வெள்ளம் புகுந்த கிணற்றை உடனே இறைக்காதீர்கள். சுற்றியுள்ள மண் ஊறியிருக்கும், நீர் குறைந்ததும் சுவர் உள்ளே சரியலாம். தரை வற்றிய பின் இறைத்து, சுகாதாரப் பரிசோதகரைக் கொண்டு குளோரின் இட்டு, அதுவரை கொதித்தாறிய நீரையே குடியுங்கள். போர் நடந்த நிலத்தில் வெள்ளம் வெடிபொருட்களையும் இடம் நகர்த்தும்: துருப்பிடித்த உலோகம் எதையும் தொடாமல், பிள்ளைகளை விலக்கி, பொலிசுக்கு அறிவியுங்கள்.