ஃபைப்ராய்டு ஆபரேஷனும் ஏ.எம்.எச். ரிப்போர்ட்டும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வண்ணாரப்பேட்டையிலோ பெரம்பூரிலோ காலையில் ரத்தம் கொடுத்தால், ஏ.எம்.எச். (சினைப்பையில் மிச்சமிருக்கும் முட்டைகளின் அளவைக் காட்டும் ஹார்மோன்) ரிப்போர்ட் செல்போனுக்கே வந்துவிடுகிறது. எந்தக் கட்டத்தில் எடுத்த ரத்தம் என்று பார்க்காமல் அந்த எண்ணை மட்டும் படிப்பதில்தான் பல தவறுகள் தொடங்குகின்றன.

முதல் தவறு, ஃபைப்ராய்டை (கர்ப்பப்பையில் வளரும் சதைக்கட்டி) மட்டும் அகற்றிய சில வாரங்களிலேயே பரிசோதித்துவிட்டு, "முட்டை தீர்ந்துபோச்சு" என்று முடிவுகட்டுவது. கர்ப்பப்பைக்கும் சினைப்பைக்கும் போகும் ரத்தக்குழாய்கள் ஒன்றோடொன்று இணைந்தவை. ரத்தப்போக்கைக் குறைக்கக் கர்ப்பப்பையின் அடிப்பகுதியை இறுக்கிக் கட்டுவார்கள். சில நேரம் சினைப்பைக்குப் போகும் குழாய்களையும் கவ்வி வைப்பார்கள். அதனால் ஏ.எம்.எச். தற்காலிகமாக இறங்கலாம். பலருக்குச் சில மாதங்களில் பழைய அளவை ஒட்டி வந்துவிடும். ஆபரேஷனுக்கு முன் ஒருமுறை, பின் 3 முதல் 6 மாதம் கழித்து ஒருமுறை, இரண்டையும் ஒரே லேபில் எடுங்கள். அலகையும் பாருங்கள்: ஒரு மில்லிலிட்டருக்கு 1 நானோகிராம் என்பது லிட்டருக்கு சுமார் 7 பிகோமோல். இது தெரியாமல் இரண்டு லேப் ரிப்போர்ட்டை ஒப்பிட்டால் வீண் பயம் அல்லது வீண் நிம்மதிதான்.

கட்டியைச் சுருக்க லூப்ரோலைடு ஊசி போட்டிருக்கும்போது எஃப்.எஸ்.எச். (முட்டை வளரத் தூண்டும் ஹார்மோன்) பார்ப்பதும் வீண் செலவு. அந்த ஊசியே ஹார்மோன்களை அடக்கி வைத்திருக்கும். கருத்தடை மாத்திரையும் ஏ.எம்.எச்.சைக் குறைத்துக் காட்டும். எஃப்.எஸ்.எச்.சை மாதவிடாயின் 2 அல்லது 3-ம் நாளில், சினைப்பை சுரக்கும் எஸ்ட்ரடையோல் ஹார்மோனோடு சேர்த்து எடுக்க வேண்டும். எஸ்ட்ரடையோல் கூடியிருந்தால் எஃப்.எஸ்.எச். நன்றாக இருப்பதுபோல் ஏமாற்றும்.

ஏ.எம்.எச். முட்டையின் எண்ணிக்கையைத்தான் குறிக்கும். தரம் பெரும்பாலும் வயதைப் பொறுத்தது. எண் குறைந்தது என்பதற்காக இயற்கையாகக் கருத்தரிக்காது என்று சொல்லிவிட முடியாது. உடனே டெஸ்ட்-டியூப் முறைக்குப் பணம் கட்டச் சொன்னால், இன்னொரு மருத்துவரையும் கேளுங்கள்.

"கர்ப்பப்பையைத்தானே எடுத்தாங்க, சினைப்பை இருக்கே" என்ற நிம்மதியும் முழுக்கச் சரியில்லை. சினைப்பையை விட்டுவைத்தாலும் சிலருக்கு மெனோபாஸ் சில ஆண்டுகள் முன்னதாக வரலாம். மாதவிடாய் இல்லாததால் அது வந்ததே தெரியாது. திடீர் உடல்சூடு, இரவு வியர்வை, தூக்கமின்மை வந்தால் வேலைக் களைப்பு என்று விட்டுவிடாதீர்கள். 45 வயதுக்குள் என்றால் கட்டாயம் காட்டுங்கள். ரத்தக்குழாயை அடைத்து ஃபைப்ராய்டைச் சுருக்கும் எம்போலைசேஷனில் செலுத்தும் நுண்துகள்கள் சினைப்பைக்கும் போகக்கூடும். மாதவிடாய் நின்றுபோகும் அபாயம் 45 தாண்டியவர்களுக்கு அதிகம். குழந்தை வேண்டும் என்பவர்கள் இதைச் சொல்லாமல் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடக் கூடாது.

ஸ்கேனில் ஃபைப்ராய்டோடு சாக்லேட் கட்டியும் (எண்டோமெட்ரியோசிஸால் பழைய ரத்தம் தேங்கிய கட்டி) இருந்தால் கணக்கே வேறு. அது சினைப்பையில் இருப்பது; உரித்தெடுக்கும்போது நல்ல திசுவும் கூடவே வந்துவிடும். ஏ.எம்.எச். அப்போது நிரந்தரமாகவே குறையலாம்.

டிஸ்சார்ஜ் சம்மரியைத் தொலைப்பது சின்னத் தவறாகத் தோன்றும். ஆனால் கட்டி எவ்வளவு ஆழம், கர்ப்பப்பையின் உட்பகுதி திறக்கப்பட்டதா என்பதை வைத்துத்தான் கருத்தரிக்க எத்தனை மாதம் காத்திருப்பது (பெரும்பாலும் 3 முதல் 6), பிரசவம் சிசேரியனா என்று தீர்மானிப்பார்கள். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனைக்குப் போனாலும் ஸ்டான்லி போனாலும் கர்ப்பமானதும் முதல் செக்கப்பிலேயே அதைக் காட்டுங்கள். 38 வயதைத் தாண்டியவர்கள் மருத்துவர் சொன்ன இடைவெளிக்கு மேல் தள்ளிப்போட வேண்டாம். வயதும் ஏறும், ஃபைப்ராய்டும் மறுபடி முளைக்கலாம்.