ஆஞ்சைனா மருந்துகள்: அதிகம் நடக்கும் தவறுகள்

ஆஞ்சைனாவுக்கு, அதாவது இதயத்துக்குப் போதிய இரத்தம் போகாததால் வரும் நெஞ்சுவலிக்கு, எழுதித்தரும் மருந்துகளில் ஒரு வகை வந்த வலியை அடக்கும். மற்ற வகை வலி வராமல் தடுக்கும். பாதித் தவறுகள் இவற்றைக் குழப்பிக்கொள்வதால்தான் வருகின்றன. நெஞ்சு வலிக்கும்போது தடுப்பு வகையான அம்லோடிபின் போட்டுப் பயனில்லை, அது உச்சத்துக்கு வரவே 6 முதல் 12 மணி நேரம் ஆகும். வலி இல்லையே என்று தினசரி மாத்திரையை விடுவதும் அதே குழப்பம்தான். வலி இல்லாததற்குக் காரணமே அந்த மாத்திரையாக இருக்கலாம்.

உடனடி நிவாரணத்துக்கான நைட்ரோகிளிசரின் மாத்திரையைச் சிலர் தண்ணீர் விட்டு விழுங்கிவிடுகிறார்கள். விழுங்கினால் குடல் வழியாகக் கல்லீரலுக்குப் போய் பெரும்பகுதி அங்கேயே சிதைந்துவிடும். நாக்குக்கு அடியில் கரையவிட்டால் ஓரிரு நிமிடத்தில் வேலை செய்யும். வாய் உலர்ந்திருந்தால் முதலில் கொஞ்சம் தண்ணீரால் நனைத்துக்கொள்ளுங்கள். நின்றபடி போடாதீர்கள். இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கித் தலைசுற்றி விழ வாய்ப்புண்டு, உட்கார்ந்துகொள்ள வேண்டும்.

ஒன்று போட்டு 5 நிமிடம் பாருங்கள். வலி குறையவில்லை, அல்லது கூடுகிறது என்றால் அப்போதே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். அது வரும்வரை 5 நிமிட இடைவெளியில் இன்னும் இரண்டு, மொத்தம் மூன்று வரை போடலாம். உங்கள் மருத்துவர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுவே சரி. மூன்றையும் போட்டுப் பார்த்துவிட்டுக் கூப்பிடலாம் என்று இருப்பதும், வாயுவாக இருக்கும் என்று நேரத்தைக் கடத்துவதும், தானே வண்டி ஓட்டிக்கொண்டு மருத்துவமனைக்குக் கிளம்புவதும் ஆபத்து.

அடிக்கடி போட்டால் பழகிவிடும் என்று வலியைப் பொறுத்துக்கொள்ளத் தேவையில்லை. இந்த மாத்திரை அடிமைப்படுத்தாது. மாடி ஏறினால் வலி வரும் என்று தெரிந்தால் 5-10 நிமிடம் முன்பே போட்டுக்கொள்ளலாம். போட்டதும் தலைவலி வருவது இரத்தக்குழாய்கள் விரிவதால்தான், ஒவ்வாமை அல்ல.

மாத்திரையை அது வந்த கண்ணாடி புட்டியிலேயே, இறுக மூடி வையுங்கள். நைட்ரோகிளிசரின் ஆவியாகும் பொருள், பிளாஸ்டிக்கிலும் ஊறிப்போகும். வாராந்திர மாத்திரை டப்பாவுக்கு மாற்றினால் தேவைப்படும் நேரத்தில் வீரியமில்லாத மாத்திரைதான் கையில் இருக்கும்.

கூச்சத்தால் மறைக்கப்படும் ஒரு விஷயம் உயிரைப் பறிக்கக்கூடியது. ஆண்மைக் குறைவுக்குப் போடும் மாத்திரைகளில் சில்டெனாஃபில் போட்ட 24 மணி நேரத்துக்குள்ளும், டாடலாஃபில் போட்ட 48 மணி நேரத்துக்குள்ளும் நைட்ரோகிளிசரின் உட்பட நைட்ரேட் வகை மருந்து எதையும் எடுக்கக் கூடாது. இரத்த அழுத்தம் அபாயமான அளவுக்கு விழும். ஆம்புலன்ஸில் வருபவர்களிடமும் இதைச் சொல்லியாக வேண்டும். தினமும் நைட்ரேட் எடுப்பவர்களுக்கு அந்த மாத்திரைகளே கூடாது.

தினசரி நைட்ரேட்டில் நடக்கும் தவறு வேறு மாதிரி. ஐசோசார்பைடு மோனோநைட்ரேட் சாதாரண மாத்திரையைக் காலை 8 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் என்று எழுதியிருந்தால், மறதியில் அப்படி எழுதிவிட்டார்கள் என்று நினைத்து காலை 8, இரவு 8 என மாற்றிக்கொள்கிறார்கள். அந்த 7 மணி நேர இடைவெளி வேண்டுமென்றே வைத்தது. நாள் முழுக்க நைட்ரேட் இருந்துகொண்டே இருந்தால் உடல் அதற்குப் பழகி, மருந்து எடுபடாமல் போகும். தினமும் 10 முதல் 14 மணி நேரம் நைட்ரேட் இல்லாத இடைவெளி வேண்டும். தோலில் ஒட்டும் நைட்ரேட் பட்டையை இரவில் கழற்றச் சொல்வதும் இதற்காகவே.

மெட்டோப்ரோலால், அட்டெனோலால் போன்ற, இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர்களைத் திடீரென நிறுத்தினால் ஆஞ்சைனா முன்பைவிடக் கடுமையாகத் திரும்பும், மாரடைப்பும் வரலாம். சோர்வாக இருக்கிறது என்றால் சொல்லுங்கள். மருத்துவர் 1-2 வாரத்தில் படிப்படியாகக் குறைப்பார். சர்க்கரை நோயாளிகளுக்கு இன்னொரு சிக்கல்: சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் இது மறைத்துவிடும், வியர்வை மட்டும் தெரியும். இதோடு வெராபமில் என்ற இன்னொரு ஆஞ்சைனா மருந்து சேர்ந்தால் நாடித்துடிப்பு மிகவும் குறையக்கூடும். அதனால் வேறொரு மருத்துவரிடம் போனால் மருந்துச் சீட்டுகள் அத்தனையையும் காட்டுங்கள்.

மூட்டுவலிக்குத் தானாக வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் இதயத்துக்கு நல்லதல்ல. இரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஆஸ்பிரினின் பலனையும் ஐபுப்ரோஃபென் கெடுக்கும்.

நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை போட்ட நாளைக் குறித்து வையுங்கள். முன்பைவிட அடிக்கடி தேவைப்பட்டால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வலி வரத் தொடங்கினால் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.