பெரியவர்களிடம் வாசனையால் நினைவைத் தூண்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பலரும் சறுக்குவது முதல் கேள்வியிலேயே: "இது என்ன வாசனை, சொல்லுங்க பார்ப்போம்?" முகர்ந்ததற்குப் பெயர் சொல்வது இளவயதினருக்கே கடினம். மறதிநோய் உள்ளவர் அதைப் பரீட்சையாக எடுத்துக்கொண்டு வாயை மூடிக்கொள்வார். "இந்த வாசனை உங்க ஊர்ல எங்க வரும்?" என்று கேட்டுவிட்டு, அரை நிமிடம் பேசாமல் இருங்கள்.

நமக்குப் பிடித்த லாவெண்டர் எண்ணெய் அவருக்கு வெறும் சோப்பு வாசனை. வாசனை கிளறும் நினைவுகளில் நிறைய 10 வயதுக்கு முந்தையவை. 80 வயதுக்காரருக்கு அவித்த நெல், சீயக்காய், பிண்ணாக்கு என்று தேடுங்கள்; அவருடன் பிறந்தவர்களைக் கேட்டால் சரியான பட்டியல் கிடைக்கும். மல்லிகையைக் காலையில் மொட்டாகக் கொடுத்துவிட்டுப் பலனில்லை என்பார்கள். அது மலர்ந்து மணப்பது அந்தி சாய்ந்த பிறகுதான்.

தைலத்தை முகரவைத்து மூக்கு நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டாதீர்கள். அதன் காரமும் குளிர்ச்சியும் முகத்தின் தொடுவுணர்வு நரம்பு வழியாகவும் தெரியும். மோப்பம் போனவரும் முகம் சுளிப்பார். புதிதாக அரைத்த காப்பித்தூள் ஒரு தேக்கரண்டியை மூடி போட்ட சிறு கண்ணாடிக் குப்பியில் போட்டு, மூடியைத் திறந்து மூக்குக்கு இரண்டு விரற்கடை கீழே பத்து விநாடி பிடியுங்கள். மூக்கு சீக்கிரம் பழகிவிடும் என்பதால் ஒரே அமர்வில் மூன்று வாசனைக்கு மேல் வேண்டாம்; நடுவே சில நிமிடம் விடுங்கள்.

மூக்கிலிருந்து கிளம்பும் செய்தி, மற்ற புலன்களைப் போல முதலில் தலாமஸுக்கு (புலன் செய்திகளைப் பிரித்து அனுப்பும் மூளைப் பகுதி) போகாமல், உணர்ச்சியைக் கையாளும் அமிக்டலாவை நேரே எட்டுகிறது. என்ன நினைவு என்று தெரியும் முன்பே கண் கலங்குவது அதனால்தான். பதறி நிறுத்த வேண்டாம். அழுதபடியே பேசினால் பேசவிடுங்கள். உடல் விறைத்தாலோ கையால் தள்ளினாலோ உடனே மூடி, ஜன்னலைத் திறந்துவிடுங்கள். பன்னீரும் ஊதுபத்தியும் சிலருக்குக் கல்யாண வீடு, சிலருக்குச் சாவு வீடு. கேட்காமல் ஏற்றாதீர்கள்.

ஆஸ்துமா உள்ளவர் அறையில் சாம்பிராணிப் புகை கூடாது. கற்பூரத்தையும் பாச்சை உருண்டையையும் மறதிநோயாளி மிட்டாய் என்று விழுங்கிவிடக்கூடும், இரண்டும் நஞ்சு. கைக்கு எட்டாமல் வையுங்கள்.

எதை முகர்ந்தாலும் அசைவே இல்லையா? "நினைவு போய்விட்டது" என்று சொல்லிவிடாதீர்கள். 65 வயதைத் தாண்டியவர்களில் மோப்பம் குறைவது சாதாரணம். சளி, மூக்கடைப்பும் காரணமாகலாம். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். அப்படிப்பட்டவர் தனியாகச் சமைக்கிறார் என்றால் சிலிண்டர் கசிவு அவருக்குத் தெரியாது. அடுப்படியில் தரையை ஒட்டி எரிவாயு அலாரம் பொருத்துங்கள். அந்த வாயு காற்றைவிடக் கனமானது, கீழேதான் தேங்கும்.