காம்பஸ் காட்டும் வடக்கும் உண்மை வடக்கும்: வித்தியாசத்தை அளப்பது, திருத்துவது எப்படி

காம்பஸ் முள் காந்த வடதுருவத்தை நேராகப் பார்த்து நிற்கிறது என்று பலரும் நம்புகிறார்கள். சென்னையை வைத்தே இதைச் சோதிக்கலாம். 2025 கணக்கின்படி காந்த வடதுருவம் ஆர்க்டிக் கடலில், ஏறத்தாழ 86 டிகிரி வடக்கு, 139 டிகிரி கிழக்கில் இருக்கிறது. சென்னையிலிருந்து அதற்கு ஒரு கோடு இழுத்தால், அது உண்மை வடக்குக்கு, அதாவது புவியியல் வடதுருவத்தின் திசைக்கு, 3 டிகிரிக்கு மேல் கிழக்கே போகும். ஆனால் சென்னையில் முள் விலகுவதோ மேற்கே, அதுவும் 2 டிகிரிக்கும் குறைவாக. முள்ளுக்குத் துருவம் எங்கே என்று தெரியாது. தான் இருக்கும் இடத்தில் புவிக் காந்தப்புலம் எந்தத் திசையில் ஓடுகிறதோ அந்தத் திசைக்குத் திரும்பும், அவ்வளவுதான். அந்தப் புலம் பூமியின் வெளிக்கருவில் உருகி ஓடும் இரும்பிலிருந்து பிறப்பதால் சட்டக் காந்தத்தின் புலம்போல ஒழுங்காக இருப்பதில்லை. தென் காந்தத் துருவம் அண்டார்க்டிகா கரைக்கு அப்பால் கடலுக்குள், புவியியல் தென்துருவத்திலிருந்து சுமார் 2,900 கி.மீ. தள்ளிக் கிடக்கிறது.

ஆகவே காம்பஸை நம்பி நடப்பவருக்கு வேண்டியது, நிற்கும் ஊரில் முள் உண்மை வடக்கிலிருந்து எத்தனை டிகிரி, எந்தப் பக்கம் விலகுகிறது என்ற எண். இதற்குக் காந்த ஒதுக்கம் என்று பெயர். டொராண்டோவில் சுமார் 10 டிகிரி மேற்கு. சிட்னியில் ஏறத்தாழ 13 டிகிரி கிழக்கு.

கணக்கு

ஒதுக்கம் மேற்கு என்றால் வரைபடத்தில் வடக்கிலிருந்து கடிகாரச் சுற்றில் அளந்த கோணத்தோடு கூட்டுங்கள்; கிழக்கு என்றால் கழியுங்கள். வரைபடத்தில் போகவேண்டிய திசை 60 டிகிரி என்றால், டொராண்டோ பக்கம் காம்பஸில் 70 வைத்து நடக்க வேண்டும். சிட்னி பக்கம் 47. காம்பஸில் பார்த்ததை வரைபடத்தில் குறிக்கும்போது இதையே தலைகீழாகச் செய்யுங்கள். 1 டிகிரி பிசகினால் 1 கி.மீ. நடையில் 17 மீட்டருக்கு மேல் விலகிவிடுவீர்கள். 10 டிகிரியை மறந்தால் 175 மீட்டர். காட்டுக்குள் ஒரு முகாமைத் தவறவிட அது தாராளமாகப் போதும். கூட்டுவதா கழிப்பதா என்று குழம்பிப்போய் எதிர்ப்பக்கம் திருத்துவது இன்னும் மோசம், பிழை இரட்டிப்பாகும்.

எண்ணை நீங்களே அளக்க

அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு நிறுவனமான நோவாவின் (NOAA) இணையக் கணிப்பானில் ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுத்தால் ஒதுக்கம் கிடைத்துவிடும். ஆனாலும் ஒரு முறை கையால் அளந்து பாருங்கள். உங்கள் காம்பஸின் பிழையும் அதிலேயே வெளிப்படும். ஸ்தபதிகள் மனை கோலச் சங்கு என்ற நிழற்குச்சியை நட்டுத் திசை பார்க்கும் அதே முறைதான். நிழல் காட்டுவது உண்மைத் திசை, காந்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சமமான மண் தரையில் 50 செ.மீ. உயரக் குச்சி ஒன்றைத் தூக்குநூல் வைத்துச் செங்குத்தாக நடுங்கள். குச்சியை மையமாக வைத்து 50 செ.மீ. ஆரத்தில் ஒரு வட்டம் போடுங்கள். மேகம் குறுக்கிடலாம், ஆகவே சற்றுப் பெரிதாக இன்னும் இரண்டு வட்டங்கள் போட்டுவைப்பது நல்லது. தமிழ்நாட்டில் இந்த அளவு வருடம் முழுக்கச் சரிப்படும். டொராண்டோவின் குளிர்காலத்தில் நண்பகல் நிழலே குச்சியைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் நீளும் என்பதால் ஆரம் மூன்று மடங்காவது வேண்டும். காலையில் நிழலின் நுனி சுருங்கிக்கொண்டே வந்து வட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு மூங்கில் முளை, பிற்பகலில் நீண்டு மறுபடி தொடும் இடத்தில் இன்னொன்று. நுனி சில மில்லிமீட்டர் மங்கலாகத்தான் விழும். மங்கலின் நடுவைக் குறியுங்கள். காலை முளையிலிருந்து பிற்பகல் முளைக்கு இழுத்த கோடு நேர் கிழக்கு. பிழை கால் டிகிரி அளவில்தான் இருக்கும்.

அந்தக் கோட்டின் மேலேயே நைலான் கயிற்றை 10 மீட்டருக்கு நீட்டிக் கட்டுங்கள். கயிற்றோரம் நின்று காம்பஸை இடுப்பு உயரத்தில் கிடைமட்டமாகப் பிடித்துக் கிழக்கு நோக்கிப் படியுங்கள். 90-க்கு மேல் எவ்வளவு வருகிறதோ அது மேற்கு ஒதுக்கம். குறைந்தால் கிழக்கு ஒதுக்கம். சாதாரண காம்பஸில் 2 டிகிரிக்கு ஒரு கோடுதான் இருக்கும். ஆகவே கயிறு நெடுக ஐந்தாறு இடங்களில் படித்துச் சராசரி எடுங்கள். இடத்துக்கு இடம் எண் தாவினால் பக்கத்தில் இரும்பு இருக்கிறது என்று பொருள்.

இரும்பு செய்யும் வேலை

மொட்டைமாடியில் இந்த அளவை வேண்டாம். கான்கிரீட்டுக்குள் கிடக்கும் கம்பி முள்ளை இழுத்துவிடும். வீட்டின் திசை பார்க்கிறோம் என்று தளத்தின் மேல் காம்பஸை வைத்துப் படிப்பவர்கள் பெரும்பாலும் கம்பியின் திசையைத்தான் பாதி பார்க்கிறார்கள். தெருவில் இறங்கி, சுவருக்கு இணையாக, கட்டடத்தை விட்டுத் தள்ளி நின்று பாருங்கள். உயர் அழுத்த மின்கம்பியிலிருந்து 55 மீட்டர், லாரியிலிருந்து 18 மீட்டர், முள்வேலியிலிருந்து 10 மீட்டர் விலகி நிற்க வேண்டும் என்பது அமெரிக்க ராணுவக் கையேடு சொல்லும் கணக்கு. செல்போன், பெல்ட் பக்கிள், கத்தி எல்லாம் அரை மீட்டருக்கு அப்பால் போகட்டும். சேலத்துக் கஞ்சமலை போல மேக்னடைட் என்ற இரும்புத் தாது நிறைந்த மலையில் முள்ளை நம்பவே கூடாது.

முள் தரையைத் தட்டினால்

புவிக் காந்தப்புலம் கிடைமட்டமாக மட்டும் ஓடுவதில்லை, சாய்ந்தும் இறங்குகிறது. டொராண்டோவில் அந்தச் சரிவு ஏறத்தாழ 70 டிகிரி, திருநெல்வேலி பக்கம் பூஜ்யத்தை ஒட்டி. சரிவு பூஜ்யமாகும் காந்த நடுக்கோடு அருகில் போவதால்தான் 1963-இல் ராக்கெட் ஏவக் கேரளத்துத் தும்பாவைத் தேர்ந்தார்கள். கனடாவுக்கோ ஐரோப்பாவுக்கோ செய்த காம்பஸில், முள்ளின் வடமுனை கீழே இழுபடுவதை ஈடுகட்டத் தென்முனையைச் சற்றுக் கனமாக்கியிருப்பார்கள். அதை இங்கே கொண்டுவந்தால் தென்முனை தொங்கி அடித்தட்டில் உரசும், முள் பாதியில் நின்றுவிடும். அவசரத்துக்கு, முள் விடுபடும் அளவுக்கு மட்டும் காம்பஸைச் சாய்த்துப் படிக்கலாம். வாங்கும்போதே எல்லா நாட்டுக்கும் பொருந்தும் 'குளோபல்' முள் வைத்ததாக வாங்குவதே சரி.

பழைய எண் உதவாது

1831-இல் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் கண்டபோது காந்த வடதுருவம் கனடாவின் பூத்தியா தீபகற்பத்தில் இருந்தது. அங்கிருந்து சைபீரியா பக்கமாக நகர்ந்துகொண்டிருக்கிறது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 50 கி.மீ. வேகத்தைத் தொட்டு, இப்போது சுமார் 35-க்குத் தணிந்திருக்கிறது. ஒதுக்கத்தைக் கணிக்கப் பயன்படும் உலகக் காந்த மாதிரியை 5 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிப்பது வழக்கம்; 2019-இல் கெடுவுக்கு முன்பே புதுப்பிக்க வேண்டி வந்தது. இப்போதைய மாதிரி 2029 முடியச் செல்லும். வரைபடத்தின் ஓரத்தில் அச்சிட்ட ஒதுக்கத்தோடு அது எந்த ஆண்டுக்கானது என்பதையும் படியுங்கள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் ஒதுக்கம் 24 டிகிரி மேற்கு. இன்று பூஜ்யத்தைத் தாண்டிச் சற்றுக் கிழக்கே வந்துவிட்டது.

போனில் பார்ப்பவர்களுக்கு

போனைக் காற்றில் எட்டு வடிவில் சுழற்றிச் சீராக்குங்கள், காந்தம் வைத்த உறையைக் கழற்றிவிடுங்கள். செயலி காட்டுவது உண்மை வடக்கா காந்த வடக்கா என்று அமைப்புகளில் பார்த்துவிட்டு மேலே சொன்ன கணக்கைப் போடுங்கள். உண்மை வடக்கு ஏற்கெனவே தேர்வாகியிருந்தால் மறுபடி கூட்டவோ கழிக்கவோ தேவையில்லை. அந்தப் போன் இருக்கும் பையிலேயே முள் காம்பஸைப் போட்டுவைக்காதீர்கள். ஸ்பீக்கர் காந்தம் பட்டு முள்ளின் முனைகள் இடம் மாறிவிடலாம், அப்புறம் சிவப்பு முனை தெற்கைக் காட்டும். வலுவான காந்தம் ஒன்றின் தென்முனையால், கண்ணாடிக்கு மேலேயே, முள்ளின் நடுவிலிருந்து சிவப்பு நுனி நோக்கிச் சில முறை ஒரே பக்கமாகத் தேய்த்தால் பழையபடி திரும்பும்.